த்ரீ நாட் த்ரீ: கழித்துக் கட்டிய ரைபிளுக்கு அமெரிக்காவில் வந்த மவுசு

(இறுதியாண்டு, மெக்கானிக்கல் பிரிவு)



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டார்கள். "ரைபிளைப் பற்றி எழுதட்டுமா?" என்று கேட்டதும் மலர்க்குழு நண்பர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அம்மா, காதல், வேலையில்லாத் திண்டாட்டம் என்று ஏற்கெனவே கவிதைகள் வந்து குவிந்து கிடந்ததால், "சரி, எதையாவது எழுதிக் கொடு, டெக்னிக்கலா இருக்கட்டும்" என்று விட்டுவிட்டார். டெக்னிக்கலாகவே எழுதுகிறேன். கொஞ்சம் சரித்திரமும் கலந்து வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம்மில் என்.சி.சி.யில் இருப்பவர்களுக்கு அந்தக் கட்டைத் துப்பாக்கியை நன்றாகத் தெரியும். அணிவகுப்புப் பயிற்சிக்குத் தோளில் ஏற்றி விடுவார்களே, அதுதான். ஏறக்குறைய 4 கிலோ. வெயிலில் அரைமணி நேரம் தூக்கி நின்றால் தோள்பட்டை கழன்று விழுகிற மாதிரி இருக்கும். அது சுடாது. சுட முடியாதபடி செய்து, 'பயிற்சிக்கு மட்டும்' என்று ஒதுக்கிய பழைய .303 ரைபிள். போலீஸ்காரர்கள் பாஷையில் 'த்ரீ நாட் த்ரீ'. எனக்குக் கொடுத்த ரைபிளில், போல்ட் கைப்பிடிக்குக் கீழே உள்ள இரும்புப் பகுதியில் ஒரு கிரீடம், அதன் கீழே ஜி.ஆர்.ஐ. என்று மூன்று எழுத்து, 1943 என்று வருஷம். என்ன எழுத்து இது என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க விஷயம் அமெரிக்கா வரை போய்விட்டது.

ஜி.ஆர்.ஐ. என்பது 'ஜார்ஜ், ராஜா, சக்கரவர்த்தி' என்று பொருள் தரும் லத்தீன் சொற்களின் முதலெழுத்துகள். அது வங்காளத்தில் இஷாப்பூர் ரைபிள் தொழிற்சாலையில் செய்த துப்பாக்கி. அதே தொழிற்சாலையில், அதே ரகத்தில் செய்த துப்பாக்கிகளை இன்று அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான பேர் வீட்டில் அலமாரி செய்து, எண்ணெய் தடவி, நம்பர் எழுதி வைத்துப் பாதுகாக்கிறார்கள். நம் ஊரில் தோள் வலிக்குக் காரணம், அங்கே சேகரிப்புப் பொருள்!

இதை வீட்டில் சொன்னேன். அப்பா கல் குவாரியில் வேலை பார்க்கிறார். ரைபிள் என்றால் அவருக்குத் தெரிந்தது எலெக்‌ஷன் பூத்தில் போலீஸ்காரர் தோளில் தொங்குவது. "சுட மாட்டாங்கன்னா எதுக்குடா காசு குடுத்து வாங்குறாங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. இந்தக் கட்டுரையே அந்தக் கேள்விக்குப் பதில்தான்.

வேண்டாத சாமான்

ஒரு ராணுவம் புது ரைபிளுக்கு மாறும்போது பழையதை என்ன செய்யும்? கிடங்கில் போட்டு வைக்கலாம், போலீசுக்குத் தள்ளலாம், உருக்கலாம், விற்கலாம். இப்படி மிச்சப்பட்டு நிற்பதைத்தான் 'சர்ப்ளஸ்' என்கிறார்கள். அமெரிக்காவில் தனி மனிதர் துப்பாக்கி வைத்துக்கொள்வதை அவர்கள் அரசியல் சட்டமே ஒரு உரிமையாகச் சொல்வதால், அங்கே நாலாவது வழி பெரிய வியாபாரமாக வளர்ந்தது.

ஆரம்பித்து வைத்தவர்களில் முக்கியமானவர் பிரான்சிஸ் பானர்மேன். ஸ்காட்லாந்தில் பிறந்தவர், நியூயார்க்கில் கடை. 1865-ல் அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்ததும் அரசு ஏலம் விட்ட ராணுவச் சாமான்களை வாங்கி விற்றார். 1898-ல் ஸ்பெயினோடு நடந்த போரில் பிடிபட்ட ஸ்பானியத் துப்பாக்கிகளில் பெரும்பகுதியை அவரே வாங்கிப் போட்டார். அவ்வளவு வெடிமருந்தை நகரத்துக்குள் வைக்கக் கூடாது என்று ஆகிவிட, 1900-ல் ஹட்சன் ஆற்றில் ஒரு தீவையே விலைக்கு வாங்கி, கோட்டை மாதிரி கிடங்கு கட்டினார். பழைய இரும்பு வியாபாரத்தில் தீவு வாங்கினவர் உலகத்திலேயே அவர் ஒருவராகத்தான் இருப்பார் என்று நினைக்கிறேன். 1920-ல் அந்தக் கிடங்கில் வெடிவிபத்து நடந்தது. இடிந்த சுவர்கள் இன்றும் அங்கே நிற்கின்றன.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான் இறக்குமதி வெள்ளம். நாடு நாடாக, போல்ட்டைக் கையால் இழுத்து ஒவ்வொரு குண்டாகச் சுடும் ரைபிளை விட்டுவிட்டுத் தானாகத் தோட்டா ஏறும் ரைபிளுக்கு மாறின. பழையவை மலை மலையாக மிஞ்சின. சாமுவேல் கம்மிங்ஸ் என்பவர் 1953-ல் இன்டர்ஆர்ம்கோ என்ற கம்பெனி தொடங்கி, ஊர் ஊராகப் போய் அரசாங்கங்களிடம் மொத்தமாகப் பேரம் பேசி வாங்கி, வர்ஜீனியா மாநிலம் அலெக்சாண்ட்ரியா துறைமுகத்தில் கிடங்கு கிடங்காக அடுக்கினார். அங்கிருந்து நாடு முழுக்கப் போயிற்று. கடைக்குக்கூடப் போக வேண்டியதில்லை. பத்திரிகையில் வரும் கூப்பனை வெட்டிப் பணத்தோடு அனுப்பினால் தபாலில் ரைபிள் வீட்டுக்கு வரும்! நமக்கு விதை பாக்கெட் வருகிற மாதிரி.

வாங்கின பலர் அப்போது சரித்திரத்துக்காக வாங்கவில்லை. மான் வேட்டைக்கு மலிவாக ஒரு ரைபிள், அவ்வளவுதான். நீளமான மரக்கட்டையை அறுத்து, குழலைக் குறைத்து, பாலீஷ் போட்டுக்கொண்டார்கள். அந்த வேலையைத்தான் இன்றைய சேகரிப்பாளர்கள் தலையில் அடித்துக்கொண்டு திட்டுகிறார்கள். நம் காரைக்குடிப் பழம்பொருள் கடையில் கேட்டுப் பாருங்கள். செட்டிநாட்டு வீட்டில் இருந்து வந்த தேக்கு அலமாரி பழைய நிறத்தோடு இருந்தால் ஒரு விலை, எவனாவது புது வார்னிஷ் அடித்திருந்தால் பாதி விலைகூடத் தேறாது. ரைபிளுக்கும் அதே கணக்கு. அறுபடாத ரைபிளுக்கு இப்போது கிராக்கி, அன்று அவ்வளவு பேர் அறுத்ததால்தான்.

95 ரூபாய் ரைபிள்

இங்கே ஒரு கசப்பான கதையைச் சொல்லியாக வேண்டும்.

மலிவான வெளிநாட்டு ரைபிள் வந்து குவிந்ததால் அமெரிக்கத் துப்பாக்கிக் கம்பெனிகளுக்கு வியாபாரம் படுத்தது. அந்தக் கம்பெனிகள் பல மாசசூசெட்ஸ், கனெக்டிகட் பக்கம். 1958-ல் மாசசூசெட்ஸ் செனட்டர் ஒருவர், ராணுவத்துக்காகச் செய்த துப்பாக்கிகளை வெளிநாட்டில் இருந்து கொண்டுவரத் தடை வேண்டும் என்று மசோதா கொண்டுவந்தார். அது முழுசாக நிறைவேறவில்லை. அந்த செனட்டர் பெயர் ஜான் எஃப். கென்னடி.

1963 மார்ச்சில், சிகாகோவில் இருந்த கிளைன்ஸ் என்ற கடைக்கு ஒரு பொய்ப் பெயரில் தபால் ஆர்டர் போயிற்று. இத்தாலி ராணுவம் கழித்துவிட்ட கார்க்கானோ ரைபிள், 6.5 மில்லிமீட்டர், 1940-ல் டெர்னி நகரில் செய்தது. தொலைநோக்கிக் கண்ணாடியோடு சேர்த்து 19 டாலர் 95 சென்ட். அன்றைக்கு ஒரு டாலருக்கு 4 ரூபாய் 76 காசு. கணக்குப் போட்டால் 95 ரூபாய் வருகிறது. அதே வருஷம் நவம்பர் 22-ல் டல்லாஸ் நகரில் ஜனாதிபதி கென்னடி சுடப்பட்டு இறந்தார். சுட்டது அந்த ரைபிள்தான் என்று விசாரணைக் கமிஷன் முடிவு சொன்னது. தடுக்கப் பார்த்தவர் அதே சாமானால் செத்தார். இதைப் படித்த அன்று ராத்திரி எனக்குக் கொஞ்சம் நேரம் தூக்கம் வரவில்லை.

ஆனாலும் சட்டம் வர இன்னும் 5 வருஷம் ஆயிற்று. 1968-ல் மார்ட்டின் லூதர் கிங்கும், ராபர்ட் கென்னடியும் சுடப்பட்ட பிறகு அக்டோபரில் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. தனி ஆளுக்குத் தபாலில் துப்பாக்கி அனுப்புவது நின்றது. ராணுவ சர்ப்ளஸ் இறக்குமதியும் நின்றது. இறக்குமதியாகும் துப்பாக்கியில் இறக்குமதி செய்தவரின் பெயரையும் ஊரையும் பொறிக்க வேண்டும் என்பதும் வந்தது.

அப்புறம் 1984-ல் ஒரு வர்த்தகச் சட்டத்தில் சின்னதாக ஒரு திருத்தம் புகுந்து கதவைத் திரும்பத் திறந்துவிட்டது. 50 வருஷத்துக்கு மேல் பழசான துப்பாக்கியை 'அரும்பொருள்' என்று வகைப்படுத்தி இறக்கலாம் என்று ஆனது. இதற்கென்றே சேகரிப்பாளர் லைசென்ஸ் ஒன்றும் உண்டு. 1991-ல் சோவியத் யூனியன் கலைந்ததும் ரஷ்ய மோசின் நாகாந்த் ரைபிள்கள் பெட்டி பெட்டியாகப் போய் இறங்கின. உறை மாதிரி கெட்டி கிரீஸ் பூசி வந்தவை. நம்ம வொர்க்‌ஷாப்புக்குப் புது லேத் வந்தபோது படுக்கை முழுக்கப் பழுப்பு கிரீஸ் அப்பி இருந்ததே, அதே சமாச்சாரம். அதை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து எடுப்பதே அங்கே ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு என்கிறார்கள்.

நம்ம இஷாப்பூர்

இப்போது நம் சாமானுக்கு வருவோம்.

இஷாப்பூர் கல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளி ஆற்றங்கரையில் இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனி காலத்திலேயே, 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில், அங்கே வெடிமருந்து ஆலை இருந்தது. ரைபிள் தொழிற்சாலை 1904-ல் ஏற்பட்டது. லீ என்ஃபீல்டு என்ற பிரிட்டிஷ் ரைபிளை அங்கே செய்தார்கள். போல்ட் அமைப்பைக் கண்டுபிடித்தவர் ஜேம்ஸ் பாரிஸ் லீ, குழல் வரி அமைப்பு இங்கிலாந்தின் என்ஃபீல்டு தொழிற்சாலையுடையது. அதனால் அந்தப் பெயர். மேகசினில் 10 தோட்டா. பயிற்சி பெற்ற பிரிட்டிஷ் சிப்பாய் ஒரு நிமிஷத்தில் 300 கஜத் தூரத்துக் குறியில் 15 குண்டு அடிக்க வேண்டும் என்பது அன்றைய தேர்வு. இரண்டு உலகப் போர்களிலும் நம் நாட்டுச் சிப்பாய்கள் கையில் இருந்தது இந்தக் குடும்பத்து ரைபிள்தான். முதல் போருக்கு மட்டும் 10 லட்சத்துக்கு மேற்பட்ட இந்தியர்கள் கடல் கடந்து போனார்கள்.

.303 என்பது அங்குலக் கணக்கு. 25.4-ஆல் பெருக்கினால் 7.7 மில்லிமீட்டர். சுதந்திரத்துக்குப் பிறகும் இதே ரைபிள்தான் ஓடிக்கொண்டிருந்தது. 1962 சீனப் போரில் நம்மிடம் நவீன ரைபிள் இல்லாத குறை உறைத்தது. உலகம் அப்போது 7.62 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு மாறிக்கொண்டிருந்தது. (7.62 என்பதை 25.4-ஆல் வகுத்துப் பாருங்கள், சரியாக 0.300 அங்குலம் வரும். மெட்ரிக் வேஷம் போட்ட அங்குலம்!) தானியங்கி வகை ரைபிள் போதுமான அளவு தயாராகும் வரை சமாளிக்க, பழைய லீ என்ஃபீல்டு வடிவத்திலேயே 7.62 தோட்டா போடும்படி இஷாப்பூரில் புதிதாக ஒன்று செய்தார்கள். பெயர் 2ஏ. கொஞ்ச நாளில் 2ஏ1.

அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் நடுவே இந்த 2ஏ1 பற்றிப் பெரிய சண்டையே உண்டு. "பழைய .303-ஐக் குடைந்து மாற்றினதுதான், அழுத்தம் தாங்காது" என்று ஒரு கட்சி. அது தப்பு. 7.62 தோட்டாவின் அழுத்தம் அதிகம் என்று தெரிந்தேதான், மேம்பட்ட எஃகில் புதிதாகவே செய்தார்கள். மேகசினும் வேறு, 12 தோட்டா பிடிக்கும், சதுரமாகத் தெரியும். அதைவிட எனக்குப் பிடித்தது குறிக்கண்ணாடிப் பட்டை. 2ஏ-யில் அது 2000 கஜம் வரை பிரித்திருக்கும். 2ஏ1-ல் 800 மீட்டர். நம் நாடு 1956-ல் எடை அளவுச் சட்டம் போட்டு, 1957-ல் நயா பைசா கொண்டுவந்து, கஜத்தை விட்டு மீட்டருக்கு மாறிய கதை ஒரு இரும்புப் பட்டையில் அப்படியே பதிந்து கிடக்கிறது.

இப்படிப் படிக்கத் தெரிந்தவனுக்கு ரைபிள் ஒரு ஜாதகம். கிரீடமும் ஜி.ஆர்.ஐ.யும் இருந்தால் வெள்ளைக்காரன் காலம். அசோகச் சிங்கம் இருந்தால் சுதந்திர இந்தியா. ஆர்.எப்.ஐ. என்றால் இஷாப்பூர். முன்பகுதியில் மரத்துக்கு மேல் செம்புக் கம்பி சுற்றியிருந்தால் அது எறிகுண்டு வீசப் பயன்படுத்தியது, குழல் வெடித்தாலும் சிதறாமல் இருக்கக் கட்டு. மரக்கட்டையில் குறுக்கே ஒரு திருகு தெரிந்தால் அதற்கு அமெரிக்காவில் 'இஷாப்பூர் ஸ்க்ரூ' என்றே பெயர். சுடும்போது பின்னால் உதைக்கிற அதிர்வில் மரம் பிளந்துவிடாமல் இருக்க நம் ஆட்கள் குறுக்கே ஒரு போல்ட் போட்டு இறுக்கினார்கள். எளிமையான வேலைதான். நம் ஊர்த் தச்சர் மாட்டு வண்டிப் பாரில் பிளவு விழாமல் இரும்புப் பட்டை அடிப்பாரே, அந்த யோசனை. அந்த ஒரு திருகைப் பார்த்து, எங்கோ டெக்சாசில் இருக்கும் ஒருவர் "இது இந்தியாவில் ரிப்பேர் ஆன ரைபிள்" என்று சொல்லிவிடுகிறார்.

இன்னொன்று .410 மஸ்கெட். இதைப் பற்றிச் சொல்லும்போது கொஞ்சம் கோபம் வரத்தான் செய்கிறது. 1857-க்குப் பிறகு வெள்ளைக்காரர்களுக்கு இந்தியர் கையில் நல்ல ரைபிள் கொடுக்கப் பயம். 1878-ல் லிட்டன் பிரபு ஆயுதச் சட்டம் கொண்டுவந்து லைசென்ஸ் இல்லாமல் இந்தியர் ஆயுதம் வைக்கக் கூடாது என்றார். நம் போலீஸ், ஜெயில் காவலர்களுக்காக நல்ல .303 ரைபிளின் குழலில் இருக்கிற சுருள் வரியைக் கடைந்து வழவழப்பாக்கி, மேகசின் இடத்தில் மரக்கட்டையை அடைத்து, ஒவ்வொரு தோட்டாவாகக் கையால் போட்டுச் சுடும் கருவியாகக் குறைத்துக் கொடுத்தார்கள். துல்லியமாகச் செய்த சாமானை, நம்பிக்கை இல்லாததால், மெனக்கெட்டுக் கெடுத்திருக்கிறார்கள். அந்த மஸ்கெட்டும் இன்று அமெரிக்காவில் சேகரிப்புப் பொருள். மரக்கட்டை அடைப்பு அப்படியே இருந்தால் இன்னும் விசேஷம்.

மெட்ராலஜி லேப்பில் நாம் 'கோ, நோ-கோ' கேஜ் வைத்துத் துளை பார்த்து, எதுக்குடா இது என்று சலித்துக்கொண்டோமே, அதன் அருமை இங்கே தெரியும். .303 தோட்டாவின் அடியில் ஒரு விளிம்பு உண்டு. போல்ட்டின் முகத்துக்கும் குழலின் பின்முகத்துக்கும் நடுவே அந்த விளிம்பு உட்காரும் இடைவெளி மிகச் சரியாக இருக்க வேண்டும். 0.064 அங்குல கேஜ் வைத்தால் போல்ட் மூட வேண்டும். 0.074 கேஜ் வைத்தால் மூடவே கூடாது. மூடினால் தேய்ந்த ரைபிள், தோட்டா உறை கிழிந்து சூடான வாயு சுடுகிறவர் முகத்தில் அடிக்கலாம். இரண்டுக்கும் வித்தியாசம் கால் மில்லிமீட்டர்! லீ என்ஃபீல்டில் போல்ட்டின் தலை தனித் துண்டாகத் திருகி எடுக்கும்படி இருக்கும். தேய்ந்தால் தலையை மட்டும் மாற்றினால் போதும். 100 வருஷப் பழைய ரைபிளை வாங்கும் அமெரிக்கர் முதலில் எடுப்பது இந்த கேஜைத்தான்.

போல்ட்டில் உள்ள நம்பரும் உடலில் உள்ள நம்பரும் ஒன்றாக இருக்கிறதா என்பதும் முக்கியம். ஒவ்வொரு ரைபிளுக்கும் அதற்கென்று பொருத்தித் தேய்த்த போல்ட். ஜோடி மாறினால் விலை இறங்கும். இதைத் தவிர ஒவ்வொரு சின்ன உறுப்பிலும் ஒரு பொட்டு மாதிரி முத்திரை இருக்கும், பரிசோதித்தவர் அடித்தது.

நாம் பிட்டிங் செக்‌ஷனில் 'எல்' பிட்டிங், 'வி' பிட்டிங் முடித்ததும் நம்பர் பஞ்ச் எடுத்து ரோல் நம்பரைக் குத்திக் கொடுக்கிறோம். என் முதல் ஜாபில் குத்திய நம்பர் கோணலாகப் போயிற்று, இருந்தாலும் அது என் நம்பர். எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டியதே நான்தான். அப்பா உடைத்த கல் எத்தனையோ கட்டிடத்தில், எத்தனையோ ரோட்டில் கிடக்கிறது, ஒன்றிலும் நம்பர் கிடையாது. இஷாப்பூரில் 1943-ல் ராத்திரி ஷிப்டில் லேத் முன்னால் நின்ற ஆள் யார் என்று எந்தச் சேகரிப்பாளராலும் சொல்ல முடியாது. பரிசோதகர் முத்திரை இருக்கிறது, ராஜா கிரீடம் இருக்கிறது. கடைந்தவன் பெயர் இல்லை. ஆனாலும் வருஷம், தொழிற்சாலை, ரிப்பேர் திருகு என்று அவன் வேலையின் தடயத்தை உட்கார்ந்து படிக்கிறவன் ஒருவன் எங்கோ இருக்கிறான் என்பது எனக்கு ஏனோ சந்தோஷமாக இருந்தது.

அரண்மனைக் குப்பை

நேபாளத்துக் கதையையும் இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். 2003-ல் காட்மாண்டுவில் லகன் சிலேகானா என்ற பழைய அரண்மனையில் அடைந்து கிடந்த ஆயுதக் குவியலை இரண்டு அமெரிக்க நிறுவனங்கள் மொத்தமாக விலைக்கு வாங்கின. 50,000-க்கும் மேற்பட்ட துப்பாக்கிகள். மார்ட்டினி ஹென்றி ரைபிள், நேபாளிகள் சொந்தமாகச் செய்த கஹேந்திரா ரைபிள், அதற்கும் அடியில் கிழக்கிந்தியக் கம்பெனியின் முத்திரை போட்ட 'பிரவுன் பெஸ்' மஸ்கெட். அமெரிக்கச் சட்டப்படி 1898-ஆம் வருஷத்துக்குள் செய்தது பழம்பொருள், சாதாரணமாக லைசென்ஸ் கூடத் தேவையில்லை. ஆகவே கறையானும் துருவும் பிடித்ததை அப்படியே விற்றார்கள், ஆசை ஆசையாக வாங்கிக்கொண்டு போனார்கள்.

பிரவுன் பெஸ் என்றதும் நமக்கு நினைவு வர வேண்டியது வேறு. 1799-லும் 1801-லும் நம் பாளையக்காரர்களை எதிர்த்துக் கம்பெனிச் சிப்பாய்கள் தூக்கி வந்தது அந்தக் குடும்பத்து மஸ்கெட்தான். கட்டபொம்மன் பிடிபட்டது நம் புதுக்கோட்டைச் சீமையில். 1801-ல் சண்டை ஓய்ந்ததும் பாளையங்களில் கோட்டையை இடித்து ஆயுதங்களைப் பறித்தார்கள். அந்தச் சண்டையில் தோற்றவர்கள் வைத்திருந்தது அழிந்தது. ஜெயித்தவர்கள் வைத்திருந்த ரகம் பென்சில்வேனியாவில் யாரோ வீட்டுச் சுவரில் தொங்குகிறது.

இங்கே என்ன நிலைமை

நம் நாட்டில் .303-ம் 7.62-ம் 'தடை செய்யப்பட்ட ரகம்'. 1959 ஆயுதச் சட்டப்படி சாதாரண ஆளுக்கு லைசென்ஸ் கிடைக்காது. அதற்காகவே இஷாப்பூரில் .315 என்று, அதாவது 8 மில்லிமீட்டரில், லீ என்ஃபீல்டு அமைப்பிலேயே தனியாருக்கு ஒரு ரைபிள் செய்தார்கள். அதற்கும் லைசென்ஸ் வேண்டும், தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். .303 போலீசில் நெடுநாள் இருந்தது. 2008 நவம்பர் 26-ல் மும்பை ரயில் நிலையத்தில் ஏ.கே.47-ஐ எதிர்த்து நின்ற போலீஸ்காரர்கள் சிலர் கையில் இருந்தது இதுதான். உத்தரப் பிரதேசப் போலீஸ் 2020 குடியரசு நாள் அணிவகுப்போடு இதற்கு விடை கொடுத்தது.

"அப்படியானால் இங்கேயும் அமெரிக்கா மாதிரி விற்கலாமே" என்று ஒரு நண்பன் கேட்டான். எனக்குச் சம்மதமில்லை. 2021 டிசம்பர் 30 நமக்கு மறக்காது. நார்த்தாமலைப் பக்கம் சுடுதளத்தில் பயிற்சி நடந்துகொண்டிருந்தபோது குண்டு ஒன்று வெளியே வந்து, வீட்டில் இருந்த ஒரு சிறுவன் தலையில் பாய்ந்தது. 2022 ஜனவரி 3-ல் அந்தப் பிள்ளை இறந்துபோனான். அப்பா வேலை பார்க்கும் குவாரி அந்தப் பக்கம்தான். பயிற்சி பெற்றவர்கள், அதற்கென்று ஒதுக்கிய இடத்தில் சுட்டே இப்படி என்றால், வீட்டுக்கு வீடு இருந்தால் என்ன ஆகும்? அமெரிக்காவிலும் 95 ரூபாய் ரைபிள் என்ன செய்தது என்று பார்த்தோம். குழலை அடைத்து, போல்ட்டைப் பற்றவைத்து, கண்ணாடிக்குள் வைத்தால் போதும். நம் திருக்கோகர்ணம் மியூசியத்துக்கு இஷாப்பூர் ரைபிள் ஒன்று, கூடவே .410 மஸ்கெட் ஒன்று, பக்கத்தில் 'கோ, நோ-கோ' கேஜ் ஒரு ஜோடி, எந்த முத்திரைக்கு என்ன அர்த்தம் என்று தமிழில் ஒரு அட்டை. இந்த ஜாதகத்தைப் படிக்க நாம் ஏன் அமெரிக்காக்காரனிடம் கேட்க வேண்டும்?

அப்பாவிடம் இதையெல்லாம் சொன்னேன். முழுசும் கேட்டுவிட்டு, "அந்த நம்பர் குத்துறது நல்ல பழக்கம்தான்" என்றார். மற்றதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

கடைசியாக ஒரு விஷயம். திருச்சி நாவல்பட்டில் உள்ள துப்பாக்கித் தொழிற்சாலை 1966-ல் ஏற்பட்டது. நம் சீனியர்கள் சிலர் அப்ரண்டிஸ் விண்ணப்பம் போடுவதும் அங்கேதான். 2021 அக்டோபர் 1-ல் ஆயுதத் தொழிற்சாலை வாரியம் கலைக்கப்பட்டபோது இஷாப்பூரும் திருச்சியும் ஒரே புது அரசு நிறுவனத்தின் கீழ் வந்துவிட்டன, தலைமையகம் கான்பூர். திருச்சியில் செய்த இன்சாஸ் ரைபிள் ஒரு அழுத்தலில் மூன்று குண்டு சுடும். அமெரிக்கச் சட்டத்தில் அது மெஷின்கன் கணக்கு. 1986-க்குப் பிறகு வந்த மெஷின்கன்னை அங்கே தனியார் வைத்திருக்க முடியாது. ஆகவே இன்சாஸ் ஓய்வு பெறும்போது முழுசாக எந்தச் சேகரிப்பாளர் அலமாரிக்கும் போகாது. அந்த மாதிரித் தானியங்கி ரைபிள்கள் அங்கே போனால், உடலைக் கேஸ் கட்டிங் வைத்து வெட்டி, உதிரி பாகமாகத்தான் போகும். கையால் போல்ட் இழுக்கும் ரைபிளை எந்தப் பெரிய ராணுவமும் இனிமேல் லட்சக்கணக்கில் செய்யப் போவதில்லை. அதனால் அங்கே இருக்கிற இஷாப்பூர் ரைபிள்களின் விலை ஏறிக்கொண்டே போகிறது.